குமரியில் தண்ணீர் தங்கும் இடம் மாறியது, காய்ச்சலும் மாறியது

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். “எங்கள் காலத்தில் இப்படி இல்லை” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கடலோரத்திலிருந்து வரும் மாணவர்களின் வீடுகளில் புற்றுநோயைப் பற்றியே பேச்சு. சுற்றுச்சூழல் மாறியதுதான் இவற்றுக்கெல்லாம் காரணமா? பள்ளி அளவில் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: காய்ச்சலைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்வேன். புற்றுநோயைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பேசுவதால்தான் நம் ஊரில் இந்தப் பேச்சு புலம்பலோடு நின்றுவிடுகிறது. கொசு ஒழிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் சூழல் மாற்றம் மனித உடம்புக்குள் நுழையும் முதன்மையான வழி தண்ணீர். அது எங்கே தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது, எதனோடு கலந்து தங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலான காய்ச்சல்களின் ஊற்றுக்கண்ணுக்குப் போய்ச் சேரலாம்.

முதலில் பெரியவர்களின் பேச்சு. அவர்கள் காலம் நோயற்ற காலம் அல்ல. மலேரியா இருந்தது, காலரா வந்து தெருக்களைக் காலி செய்தது, யானைக்கால் நோயோடு வாழ்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கைக்குழந்தைகள் எத்தனையோ பேர் ஒரு வயதைக் காணாமலே போனார்கள். ஆனால் இன்று உங்கள் வகுப்பைக் காலி செய்யும் டெங்குவும் சிக்குன்குனியாவும் அன்று இந்த அளவில் இல்லை என்பது உண்மை. சிக்குன்குனியா 1963இல் கல்கத்தாவிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் பரவியது. 1973க்குப் பிறகு நாட்டில் ஏறத்தாழ மறைந்தே போனது. பிறகு 2005 இறுதியில் திரும்பி வந்து 2006இல் தென்மாநிலங்களை முடக்கியது. ஆகவே அவர்கள் சொல்வதில் பாதி சரி. பழைய நோய்கள் போயின, வேறு நோய்கள் வந்தன. ஏன் இந்த நோய்கள், ஏன் இங்கே என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

நீங்கள் இருக்கும் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். அருமனை, களியல், குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு என்று மேற்குப் பகுதி முழுவதும் ரப்பர். தமிழ்நாட்டு ரப்பரில் மிகப் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்தில்தான் விளைகிறது. ஏக்கருக்கு 180 முதல் 200 மரம். பால் வடிந்து விழ மரத்துக்கு ஒரு சிரட்டை (தேங்காய் ஓடு). இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டது, ஆனாலும் சிரட்டை என்றுதான் சொல்கிறோம். பால்வெட்டு நடக்கும் நாட்களில் அந்தச் சிரட்டையால் தொல்லை இல்லை. காலையில் வெட்டுகிறார்கள், பால் சொட்டுகிறது, எடுத்துவிடுகிறார்கள். கனமழையில் வெட்டு நின்றுவிட்டால்தான் வினை.

ஜூன் கடைசியில் வெட்டு நின்று பத்து நாள் ஆன ஒரு தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். கம்பி வளையத்தில் சிரட்டை அண்ணாந்தபடி நிற்கும். அடியில் காய்ந்துபோன ஒட்டுப்பால், அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பேறிய தண்ணீர், ஓரத்தில் இரண்டு சருகு. குனிந்து பார்க்கும்போது உங்கள் நிழல் விழுந்ததுமே உள்ளே இருக்கும் புழுக்கள் சட்டென்று நெளிந்து அடிக்குப் போகும். சற்று நேரம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் நீட்டும். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாவற்றிலும் இதே காட்சிதான். மழையைத் தடுக்க மரத்தில் பாவாடை மாதிரிச் சுற்றும் பிளாஸ்டிக் தாளின் மடிப்பில்கூடத் தண்ணீர் நிற்கும். அதிலும் புழு இருக்கும்.

இந்தப் புழுவிலிருந்து வருவது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்ற கொசு. கருப்பு உடம்பு, வெள்ளை வரி, முதுகின் நடுவில் ஒற்றை வெள்ளைக்கோடு. வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்டியைப் போல நகரத்தை நம்பி இருப்பதல்ல இது. மரப்பொந்து, மூங்கில் கணு, பாறைக்குழி என்று காட்டில் சிறிதளவு தண்ணீர் தேங்கும் இடங்களில் பெருகி வந்த கொசு. காட்டில் ஒரு பர்லாங்குக்குள் எத்தனை மரப்பொந்து இருந்துவிடும்? காட்டை அழித்து ரப்பர் வைத்தபோது ஏக்கருக்கு 200 மரப்பொந்தை நாமே வரிசையாகச் செய்து மாட்டிவிட்டோம். நிழலும் ஈரமும் தோட்டத்திலேயே இருக்கின்றன. விடியற்காலையிலும் மாலையிலும் கடிக்கும் கொசு இது. விடியற்காலையில் மரத்தடியில் நிற்பவர் பால்வெட்டுத் தொழிலாளி, சற்று நேரம் கழித்து அதே தோட்டத்தின் குறுக்கு வழியில் நடந்து வருவது உங்கள் மாணவர்.

இதற்கு மேல் ஒரு கேடும் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005–06இல் சிக்குன்குனியா பரவியபோது அந்த வைரசின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததைக் கண்டார்கள். அந்தச் சிறு மாற்றம் வைரசை ஆல்போபிக்டஸ் கொசுவுக்குள் முன்னைவிடப் பன்மடங்கு எளிதாகப் பெருக வைத்தது. 2007இல் கேரளத்தில் கடுமையாகப் பரவிய வைரசிலும் அதே மாற்றம் இருந்தது. ரப்பர் தோட்டம் நிறைந்த மலையடிவாரக் கிராமங்கள் ஏன் நகரங்களைவிட மோசமாக அடிபட்டன என்பதற்கு இதுவே விளக்கம். இந்த மாற்றம் பெற்ற வைரஸ் வந்தபோது அதற்கு ஏற்ற கொசுவை நாம் ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தோம்.

ரப்பர் விலைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை யாரும் பேசுவதில்லை. நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் பேசுவேன். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே போனது. வெட்டுக்கூலி கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் பலர் வெட்டாமலே போட்டார்கள். வெட்டாத தோட்டத்துக்குள் யாரும் போவதில்லை, சிரட்டை மட்டும் மரத்தில் அப்படியே இருக்கும். வெட்டுகிற தோட்டத்திலும் தொழிலாளிக்குக் கூலி மரக்கணக்கில்தான். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதற்குத் தனியாக ஒரு காசு கிடையாது. ஒரு தொழிலாளிப் பெண்மணி என்னிடம் கேட்டார்: “நானூறு மரத்தில் சிரட்டையைக் கவிழ்க்க அரை நாள் போகும், சார். அந்த அரை நாளை யார் தருவார்?” இதற்கு என்னிடம் விடை இல்லை. அவருக்கு நல்லறிவு புகட்டுவதாக நினைத்து நாம் அச்சடிக்கும் துண்டறிக்கைகளிலும் விடை இல்லை. தோட்ட உரிமையாளரும் ஊராட்சியும் சேர்ந்து அந்த அரை நாள் கூலியைக் கொடுத்தால் அதைவிட மலிவான டெங்கு தடுப்பு வேறு கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

வெப்பம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். டெங்கு வைரஸ் உள்ள ரத்தத்தைக் குடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிவரை போய்ச் சேர வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் இதற்குச் சராசரியாக 15 நாள் ஆகும், 30 டிகிரியில் ஆறரை நாள் போதும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான். குளிர்ந்த இடத்தில் பெரும்பாலான கொசுக்கள் நோயைப் பரப்பும் நிலைக்கு வருமுன்பே செத்துவிடும். சராசரி வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி கூடுவது நம் தோலுக்குப் பெரிதாகத் தெரியாது. கொசுவின் கணக்கில் அது பெரிய வேறுபாடு.

இனிக் கிழக்கே போவோம். நாஞ்சில் நாட்டின் குளங்கள். மாவட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் உண்டு. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளங்களை நிறைக்க, அதை நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல் விளைந்தது. பிறகு வயல் தென்னந்தோப்பாயிற்று, வாழைத்தோட்டமாயிற்று, வீட்டுமனையாயிற்று. நான்குவழிச் சாலை சில குளங்களின் நடுவிலேயே போனது. குளத்தைத் தூர்க்கும்போது சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று எனக்குத் தாங்க முடியாத வருத்தம் தருவது: “கிடந்து கொசுதானே வளருது.” இது தவறு. டெங்கு கொசு குளத்தில் முட்டையிடாது. மீனும் தவளையும் தும்பியின் இளவுயிரிகளும் நிறைந்த குளத்தில் எந்தக் கொசுப்புழுவுக்கும் பிழைப்பது கடினம். சாக்கடை கலந்து மீன் செத்து, ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் வேறு வகைக் கொசுக்கள் பெருகும் என்பது உண்மைதான். அங்கே நிறுத்த வேண்டியது சாக்கடையை.

குளத்தைத் தூர்த்த பிறகு நடப்பதைப் பாருங்கள். சுற்றிலும் உள்ள கிணறுகளில் ஊற்று குறைகிறது. கோடையில் வற்றுகிறது. வீடுகள் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டிவருகிறது. குழாயில் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது. ஆகவே சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய், அண்டா, குடம் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் எஜிப்டிக்கு வேண்டியது இதுவே: நிழலில், சுவருள்ள பாத்திரத்தில், மீனில்லாத சுத்தமான தண்ணீர். கொசு பெருக முடியாத ஓரிடத்தில் கிடந்த தண்ணீரை அது பெருகக்கூடிய நூறு இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். டெங்கு பெருகியதற்குக் குப்பையை மட்டும் குறை சொல்வோருக்கு இந்தச் சங்கிலி கண்ணில் படுவதில்லை. 2022இல் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காகச் சேர்ந்தன என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குளங்கள் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளையும் காக்கின்றன, அதன் வழியே பிள்ளைகளையும்.

பிடித்து வைக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு நுணுக்கம். ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறினால் பொரியும். எனவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரை நாரால் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் தேய்த்தால் போதும்.

எலிக்காய்ச்சல் அடுத்தது. லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரி எலியின் சிறுநீரில் வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடம்பில் ஏறும். வயல் வேலை, வாழைத்தோட்டத்தில் வாய்க்கால் வெட்டுவது, சாக்கடை வேலை, வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைக் கழுவுவது ஆகியவை இதன் வாசல்கள். நவம்பர் 2021இல் நம் மாவட்டத்தில் வந்ததைப் போன்ற வெள்ளம் எலிகளை வளையிலிருந்து வெளியே தள்ளி, அவற்றின் சிறுநீரைத் தெருவெங்கும் பரப்பும். கேரள எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில் கொண்டுவந்து இரவில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவும் எலிகளுக்கு விருந்துதான். கேரளத்தில் 2018 பெருவெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலில் பலர் இறந்தார்கள். அதிலிருந்து கற்ற பாடமாக, வெள்ள நீரில் வேலை செய்வோருக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கும் முறை அங்கே பெரிய அளவில் நடந்தது. இதை மருத்துவரின் சொல்லுக்கு உட்பட்டே எடுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலியும் கண்சிவப்பும் சேர்ந்தால் “சாதாரணக் காய்ச்சல்” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் எளிதாகக் குணமாகும் நோய், தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்துவிடும்.

குளத்தில் குளிக்கும் நம் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024இல் கேரளத்தில் நெய்யாற்றின்கரை அருகே ஒரே குளத்தைப் பயன்படுத்திய இளைஞர்கள் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்து ஒருவர் உயிரிழந்தார். நம் எல்லை ஊரான களியக்காவிளையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, தண்ணீரும் வெயிலும் இரண்டு பக்கமும் ஒன்று. இந்நோயை உண்டாக்கும் அமீபாக்களில் மிகக் கொடியதான நெக்லேரியா வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரை விரும்பும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வராது. மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். ஆகவே பிள்ளைகளைக் குளத்துப் பக்கமே விடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீச்சல் தெரியாத பிள்ளைகள் நிறைந்த ஊர் அதைவிட ஆபத்தானது. பாசி பிடித்த, ஓட்டமில்லாத, கோடையில் சூடேறிய தண்ணீரில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது, முங்கக் கூடாது, மூக்கில் தண்ணீரை உறிஞ்சிக் கழுவக் கூடாது. குளித்த சில நாட்களில் கடும் தலைவலியோடு காய்ச்சலும் வாந்தியும் வந்தால் குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் உயிரைக் காக்கும். கேரளத்தில் பிழைத்தவர்கள் நோய் விரைவில் கண்டறியப்பட்டதால் பிழைத்தவர்கள்.

கடலோரத்துக்கு வருவோம். அங்கே தண்ணீரின் துன்பம் உப்பு. குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. ஆற்று மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டதால் கடல்நீர் மேலே ஏறி வருகிறது. குடிநீர்த் திட்டங்களின் கிணறுகள் உப்பாகிவிடக் கூடாது என்றுதான் பரக்காணியில் தடுப்பணை கட்ட வேண்டிவந்தது. 2004 சுனாமியின்போது கரையோரக் கிணறுகளில் ஏறிய உப்பையும் மக்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உவர்த்தண்ணீர் வாய்க்கு ருசிக்காது, அதனால் யாரும் குடிக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிறிது சிறிதாக உப்பு கூடும்போது நாக்கு பழகிவிடும். வங்கதேசக் கடலோரத்தில் கர்ப்பிணிப் பெண்களிடம் நடந்த ஆய்வுகள், குடிநீரில் உப்பு கூடக்கூட ரத்த அழுத்தமும் பேறுகாலக் கோளாறும் கூடுவதைக் காட்டின. அந்தக் கரையும் நம் கரையும் ஒன்றல்ல. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் ஒருவரிடம் கருவாட்டைக் குறைக்கச் சொல்லும் நாம், அவர் வீட்டுக் கிணற்றில் என்ன உப்பு என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

கடல் சூடேறுவதும் உடம்புக்கு வந்து சேரும். சாளை (மத்தி) மீன்தான் ஏழை வீட்டுச் சத்து. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளைக் குழம்பும் என்றால் வயிறும் நிறையும், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒமேகா கொழுப்பும் கிடைக்கும். இந்த மீன் கடலின் வெப்பத்துக்கும் அதில் வளரும் நுண்ணுயிர்களுக்கும் ஏற்பப் பெருகும், அருகும். கேரளக் கரையில் 2012இல் 4 லட்சம் டன்னை ஒட்டி வந்த சாளை, 2021இல் 3,297 டன்னாக வீழ்ந்தது என்கிறது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. பிறகு ஓரளவு மீண்டது. சாளை குறைந்த ஆண்டுகளில் விலை ஏறும், கிழங்கு மட்டும் தட்டில் மிஞ்சும். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. இது காய்ச்சலாக வெளியே தெரியாது, பிள்ளைகளின் உயரத்திலும் தாய்மாரின் ரத்தசோகையிலும் தெரியும்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயலை மருத்துவக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, பலரது உடலும் கிடைக்கவில்லை. உடலைக் காணாத வீட்டில் துக்கம் முடிவதே இல்லை. தூக்கமின்மை, படபடப்பு, குடி, பேசாமல் ஒடுங்கிவிடும் பிள்ளைகள் என்று அது ஆண்டுக்கணக்கில் நீளும். உங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை இருந்தால், மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் அதன் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட புற்றுநோய். மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் இருக்கிறது, அதில் மோனசைட் என்ற கனிமம், அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் கரையின் பெயர் உலகத்துக்குத் தெரியும். மணலின் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட அதிகம். இதே போன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்ததால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. இதை நான் மறைக்கமாட்டேன், மறைத்தால் நாளை நான் சொல்லும் எதையும் நீங்கள் நம்பக் கூடாது. அதே நேரத்தில் அந்த ஆய்வு என்ன சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணில் கிடக்கும் மணலோடு வாழ்வது வேறு. அதை அள்ளி, பிரித்து, தூசியாக்கி மூச்சில் இழுப்பது வேறு. மணலை எடுத்தால் கரை தாழும், கடல் ஏறும், கிணறு உப்பாகும் என்ற கவலைகளும் தனி. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, “கதிர்வீச்சால் ஆபத்தில்லை என்று ஆய்வே சொல்கிறது” என்று அவர்களின் வாயை அடைக்கப் பார்ப்பது முறையல்ல. மக்கள் கேட்டது அந்த ஒரு கேள்வியை மட்டும் அல்ல.

மாவட்டத்தில் புற்றுநோய் அதிகமாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நாம் நீண்ட காலம் வாழ்கிறோம். நோய் கண்டறியப்படுகிறது. வெற்றிலையோடு புகையிலை, பீடி, மது ஆகியவை உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு அஞ்சும் வீட்டில் பீடிப் புகைக்கு யாரும் அஞ்சாதது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சூழலைக் காரணம் காட்டும்போது நிதானம் வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், 1838இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனைக்கு வந்து தங்கிவிட்டார். அன்று தென்திருவிதாங்கூராக இருந்த நம் பகுதியில் குடற்புண் வேறெங்கும் காணாத அளவுக்கு இருந்தது, ஏராளமானோருக்கு அறுவை செய்தார். சத்துக் குறைந்த கிழங்கு உணவே காரணம் என்று அவரும் உடன் இருந்தவர்களும் கருதினார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபேக்டர் என்ற கிருமியை இரைப்பையில் கண்டார்கள். குடற்புண்ணில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம் என்று பிறகு உறுதியாயிற்று. அந்தக் கிருமி சிறு வயதிலேயே நெருக்கடியான வீட்டிலும் அசுத்தமான தண்ணீரிலும் தொற்றுவது. ஆக, சூழல் குற்றவாளிதான், ஆனால் கிழங்கின் மேல் போட்ட வழக்கு பெரும்பகுதி தவறான இடத்தில் போய் நின்றது. இன்றைக்கும் ஊரில் ஒரு நோய் பெருகியதும் கைக்கு எட்டும் ஒன்றைக் காரணம் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். உண்மையான வழி அப்படியே திறந்து கிடக்கும்.

பள்ளியில் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். மே கடைசி வாரத்தில், இடவப்பாதிக்கு முன், மாணவர்களின் வீட்டுத் தோட்டத்தில் வெட்டாத மரங்களின் சிரட்டைகளைக் கவிழ்த்து மாட்டச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் தோட்ட உரிமையாளர்களிடம் அந்த அரை நாள் கூலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். துலா மழைக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) முன் செப்டம்பரில் மறுபடியும் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பள்ளித் தொட்டியை நாரால் தேய்க்கும் வழக்கம் ஏற்படுத்தினால் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தோட்டத்துக்குள் போகும் பிள்ளைகள் முழுக்கைச் சட்டை போடட்டும்.

டெங்குவில் ஒன்றை எல்லா ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் குறையும் நாளில், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்தான், ஆபத்து கூடும். “சூடு விட்டுவிட்டது” என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து தூங்கிவிழுவது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் கூடாது. பப்பாளி இலைச் சாற்றை நம்பி அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். காய்ச்சலால் விடுப்பு எடுக்கும் பிள்ளையின் பெயருக்கு எதிரே அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது, வீட்டைச் சுற்றி ரப்பரா, வாழையா, தண்ணீர் கிணற்றிலிருந்தா குழாயிலிருந்தா என்று வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஒரே தெருவில் மூன்று பெயர் வந்த அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். மருத்துவமனைக் கணக்கு வழியாக அவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதற்குள் அந்தத் தெருவில் அடுத்த தலைமுறைக் கொசு இறக்கை முளைத்துப் பறந்துவிடும். உங்கள் பதிவேடு முதல் நாளிலேயே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.